திங்கள் கூட்டமும் மடிப்புத் துணியும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் மேலாளர்தான் முதலில் பேசினார். பிறகு மூத்தவர்கள். கடைசியில், சேர்ந்து மூன்றே மாதமான பெண். அவள் முறை வருவதற்குள் வேலையை முடிக்கும் தேதி முடிவாகிவிட்டது. "எனக்கும் சரின்னுதான் படுது சார்" என்றாள். வெளியே வந்ததும் என்னிடம், "அண்ணா, அந்தத் தேதிக்குள்ள முடியவே முடியாது" என்றாள். வாடிக்கையாளரிடம் தினமும் பேசுபவள் அவள். ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானும் தலையாட்டியவன்தானே.

மார்ச் 5, புதன்

இரவு முழுக்க ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேயைப் பற்றிப் படித்தேன். வரிவரியாக மடிப்பு வைத்த உடை என்றால், துணியை மடித்துவிட்டு, அதன்பின் வெட்டித் தைப்பதுதான் வழக்கம். அவர் அதைத் திருப்பிப் போட்டார். உடையை வேண்டிய அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, அப்புறம் காகிதத் தாள்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினார். பாலியஸ்டர் அந்த மடிப்பை விடுவதில்லை. துவைத்தாலும் நிற்கிறது, இஸ்திரி வேண்டாம். 1993இல் 'ப்ளீட்ஸ் ப்ளீஸ்' என்று தனி வரிசையாகவே வந்தது. தையல், மடிப்பு என இரண்டு வேலைகள் இடம் மாறின, அவ்வளவுதான். உடையே வேறாகிவிட்டது!

எங்கள் கூட்டத்திலும் இடம் மாற வேண்டியது இரண்டே பேர்.

மார்ச் 7, வெள்ளி

கேட்டுவிட்டேன். "சார், புதியவங்க முதல்ல பேசட்டும், நீங்க கடைசியா பேசுங்க." அருகிலிருந்த மூத்தவர், "அப்போ அனுபவத்துக்கு என்ன மரியாதை?" என்றார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் கேட்டபின் பேசுவதுதான் அனுபவத்துக்குப் பெரிய மரியாதை என்று நம்புகிறேன், அதையே சொன்னேன். 1966இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான், ஆண்கள் விருந்துக்கு அணியும் டக்சீடோ என்ற கோட்டு சூட்டைப் பெண்களுக்குத் தைத்தார். கால்சட்டை அணிந்த பெண்களை உள்ளே விடாத உணவகங்கள் அப்போது இருந்தன. அங்கேயும் மரியாதை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

மேலாளர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாலு வாரம் பார்ப்போம்."

மார்ச் 10, திங்கள்

குரல் நடுங்க அவள் தேதியைச் சொன்னாள், காரணத்தோடு. அடுத்துப் பேசிய இருவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது! மேலாளர் குறித்துக்கொண்டே இருந்தார். தேதி ஒன்பது நாள் தள்ளிப்போனது.

மார்ச் 17, திங்கள்

பழக்கதோஷம். உட்கார்ந்ததும் மேலாளர், "நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று தொடங்கினார். அறையே அமைதியானது. அவரே நிறுத்தி, பேனாவின் மூடியைத் திறந்து, அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."