பொட்டு வெல்டுக்கும் முழு வெல்டுக்கும் நடுவில்

பழைய பிக்கப்பில் வேறொரு வண்டியின் ஆக்சிலை மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அப்படியே உட்காருமா?" என்றுதான். உட்காரும். கிரைண்டரும் வெல்டிங் மெஷினும் இருந்தால் எந்த ஆக்சிலையும் எந்த வண்டிக்கு அடியிலும் உட்கார வைத்துவிடலாம். அப்புறம் அது சத்தமில்லாமல் ஓடுமா, பிரேக் அடித்தால் நேராக நிற்குமா என்பதெல்லாம் வெல்டு வைப்பதற்கு முன்னால் எதையெல்லாம் அளந்தோம் என்பதைப் பொறுத்தது. இத்தனை காலம் இந்த வேலையைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

எங்கள் கைக்கு அதிகம் வருவது ஃபோர்டு ரேஞ்சர்தான். 1980களின் ரேஞ்சரில் பின்னால் 7.5 அங்குல கிரவுன் (பினியன் என்ற சின்ன பல் சக்கரம் சுழற்றும் பெரிய பல் சக்கரம்) உள்ள ஆக்சில் பரவலாக இருக்கும், வீலைச் சுற்றவைக்கும் ஷாஃப்டின் முனையில் 28 பல், பிரேக் டிரம். அதற்கு மாட்டக் கேட்பது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் பின் ஆக்சிலை. 1995 முதல் 2001 வரை வந்த எக்ஸ்ப்ளோரர்களில் பெரும்பாலானவற்றில் 8.8 அங்குல கிரவுன், 31 பல், அதோடு பின்னாலும் டிஸ்க் பிரேக். வீலின் ஐந்து போல்டும் இரண்டு வண்டியிலும் ஒரே 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில்தான் இருக்கின்றன, அதனால் பழைய வீலையே மாட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் எக்ஸ்ப்ளோரரில் லீஃப் ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே ஓடும், ரேஞ்சரில் மேலே. ஆகவே ஸ்பிரிங் உட்காரும் இருக்கைகளை வெட்டி எடுத்துவிட்டு மறுபக்கம் புதிதாக வெல்டு வைத்தே ஆக வேண்டும்.

ஆக்சிலை வாங்கும்போதே நான் நிறைய நேரம் எடுத்துக்கொள்வேன். கவர் போல்டில் தொங்கும் தகட்டில் 3L73 என்று இருந்தால் 3.73 ரேஷியோ (வீல் ஒரு சுற்று சுற்ற பினியன் சுற்றும் சுற்றுகள்), லிமிடெட் ஸ்லிப் (ஒரு வீல் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் அமைப்பு) உள்ளது என்று அர்த்தம். ஆனால் தகடு கவரோடு இடம் மாறியிருக்கலாம், உள்ளே யாராவது கிரவுன் பினியனையே மாற்றியிருக்கலாம். அதனால் கவரைத் திறந்து பல்லை எண்ணிவிடுவேன். கிரவுனில் 41, பினியனில் 11 இருந்தால் அது 3.73. திறந்ததும் வரும் எண்ணெயை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்ப்பேன். கருத்திருந்தால் பரவாயில்லை. மினுமினுவென்று உலோகத்தூள் தெரிந்தால், தீய்ந்த வாடை வந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். இந்த ஆக்சிலில் வீல் பேரிங்கின் உருளைகள் ஷாஃப்டின் மேலேயே நேரடியாக உருளும், நடுவில் வேறு வளையம் கிடையாது. ஷாஃப்டை உருவி அந்த இடத்தில் நகத்தை வைத்து மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் ஷாஃப்ட் போய்விட்டது, புது பேரிங் போட்டாலும் சீக்கிரமே சத்தம் கேட்கும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் இன்னொரு கவனம். முன் ஆக்சில் 3.45-ல் இருக்கும்போது பின்னால் 3.73 போட்டால், காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) இறுகி முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே ரேஷியோவுக்குக் கொண்டுவராமல் அந்த வண்டியை நான் கீழே இறக்குவதில்லை. டூ வீல் டிரைவ் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்பீடோ மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிற பழைய வண்டிகளில் அதே மாற்றத்துக்கு ஏறக்குறைய 8 சதவீதம் கூட்டிக் காட்டும், அந்தச் சின்ன கியரையும் மாற்ற வேண்டும்.

இப்போது வெல்டுக்கு வருகிறேன். இருக்கைகளை அங்கங்கே சின்னப் பொட்டு வெல்டு வைத்து ஒட்டியதும் கூட வேலை செய்கிற பையன் ஆவலாகக் கேட்பான், "அண்ணே, அப்படியே முழுசா அடிச்சிரலாமா?" கூடாது. கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வருகிற நீளமான ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள, வளைந்து சுற்றுகிற இணைப்பான கிராஸ் ஜாயிண்ட் வளைந்த கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். முன் ஜாயிண்டில் உண்டாகும் அந்த ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயிண்ட் அதே அளவு கோணத்தில் இருந்தால்தான் சரிக்கட்டும். அதற்குக் கியர்பாக்ஸின் பின்முனையும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஜாக்கியில் தொங்குகிற வண்டியில் அந்தக் கோணத்தைப் பார்த்துப் பயனில்லை. வீலை மாட்டி, தரையில் இறக்கி, முழு எடையும் ஸ்பிரிங்கில் உட்கார்ந்த பிறகு கோணமானியை வைக்க வேண்டும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பினியன் மூக்கு மேலே தூக்கும், அதனால் முன்கூட்டியே 1 முதல் 2 டிகிரி தாழ்த்தி வைத்துவிடுவேன். ஒரே பக்கமாகச் சூடேற்றினால் குழாய் வளையும் என்பதால் முழு வெல்டையும் சின்னச் சின்னத் துண்டாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டுத்தான் வைப்போம். அரை நாள் கூடுதலாகப் போகும், வாடிக்கையாளர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்கிறது என்று திரும்பி வருகிற வண்டிகளில் எத்தனையோ, வேறு இடங்களில் இந்தக் கோணத்தைப் பார்க்காமல் வெல்டு வைத்தவைதான். வெட்டி மறுபடி வைப்பது இருமடங்கு வேலை, குழாய்க்கும் நல்லதல்ல.

பிரேக்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் மற்றதெல்லாம் தவறினால் சத்தம் வரும், இது தவறினால் ஆள் போய்விடும். டிரம்முக்காக அமைத்த பழைய மாஸ்டர் சிலிண்டர்களில் பின் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருப்பதுண்டு. அதை அப்படியே டிஸ்கோடு இணைத்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். முன்னுக்கும் பின்னுக்கும் போகிற அழுத்தப் பங்கீடும் மாறிப்போயிருக்கும். பிக்கப்பில் சுமை இல்லாதபோது பின்பக்கம் இலேசு. ஈரச்சாலையில் பின் வீல் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். அளவை மாற்றக்கூடிய வால்வு ஒன்றைப் போட்டு, ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்திலிருந்து தொடங்கி, முன் வீல்தான் முதலில் பூட்டுகிறது என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுப்பேன். ஹேண்ட்பிரேக் கேபிளின் முனையும் நீளமும் ஒத்துவராமல் போகும், அதை "பிறகு பார்க்கலாம்" என்று சொல்கிறவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதில்லை.

யு போல்ட் எப்போதும் புதிதுதான். ஒருமுறை இறுக்கும்போதே இழுபட்டு நீண்டுவிடுகிற பொருள் அது. புதிதும் ஓட ஓட ஸ்பிரிங் படிந்து தளரும், அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவரச் சொல்லி பில்லிலேயே எழுதிவிடுவேன். நன்றாகத்தானே ஓடுகிறது என்று பலர் வருவதில்லை. அவர்களுக்கு நானே போன் போட்டுக் கூப்பிட்டு, காசு வாங்காமல் முறுக்கி அனுப்புகிறேன்.