பெர்லுக்குத் தெரியாத பாதை

போன பெரும்போக அறுவடை நேரம், பரந்தன் பக்கத்தில் ஒரு நெல்லாலைக்குத் தராசுக் கணக்கை பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தேன். தராசோடு வந்த டிஎல்எல்லை (வேறு நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் விண்டோஸ் கோப்பு) ஏற்றினால், நிறுவைப் பதிவுகள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பதை அது ஒரு சூழல் மாறியில் (ஓடும் நிரலுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் பெயரும் மதிப்பும்) வைக்கும். சூழல் மாறிகளைப் பெர்ல் வைத்திருக்கும் %ஈஎன்வியில் தேடினால் ஒன்றும் இல்லை. வெளியே லான்ட்மாஸ்டர்கள் நெல் மூடைகளோடு வரிசையில் நின்றன. "தம்பி, கொப்பியிலயே எழுதட்டோ?" என்று கணக்குப்பிள்ளை அண்ணை இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

முதல் நாள் வேறு சிக்கலில் போனது. டிஎல்எல் 32 பிட், என்னிடம் இருந்தது 64 பிட் பெர்ல். 32 பிட் பெர்லைப் போட்ட பிறகுதான் டிஎல்எல்லே ஏறியது.

அப்புறம், ஓடும் நிரல்களின் உள்விவரத்தைக் காட்டும் பிராசஸ் எக்ஸ்புளோரரில் என் பெர்லைத் திறந்து பார்த்தேன். மாறி அங்கே இருந்தது! டிஎல்எல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. பெர்ல் தொடங்கும்போது சூழலைப் பிரதி எடுத்து %ஈஎன்வியில் வைத்துக்கொள்கிறது. பிறகு டிஎல்எல் விண்டோஸிடம் நேரே சொல்லி வைத்தது அந்தப் பிரதிக்கு வராது.

சரி, விண்டோஸிடமே கேட்போம் என்று வின்32::ஏபிஐ என்ற பெர்ல் தொகுதி வழியாக, விண்டோஸின் கெர்னல்32இல் உள்ள, சூழல் மாறியைப் படித்துத் தரும் கெட்என்விரான்மென்ட்வேரியபிளைக் கூப்பிட்டேன். அதில் இரண்டு வடிவம் உண்டு. பெயரின் கடைசியில் 'ஏ' உள்ளதை எடுத்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். விண்டோஸில் தமிழுக்கு ஏஎன்எஸ்ஐ என்ற பழைய வகைக் குறிமுறை கிடையாது. 'டபிள்யூ' உள்ளதுதான் வேண்டும். மாறியின் பெயரை யூடிஎஃப்-16எல்இ (ஒரு குறியீட்டுக்கு இரண்டு பைட் எடுக்கும் வடிவம்) ஆக்கி, முடிவில் இரண்டு சுழிய பைட் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாறியின் உச்ச நீளம் 32,767 குறியீடுகள் என்பதால், பதில் வந்து விழும் பஃபருக்கு அதன் இரு மடங்கு பைட்டை முன்கூட்டியே ஒதுக்கினேன்.

அதிலும் ஒரு பிழை விட்டேன். ஃபோல்டர் 'டி' டிரைவில் 'நெல்' என்பதற்குள் 'பெரும்போகம்'. டிரைவ் எழுத்து, குறிகள், தமிழ்க் குறியீடுகள் எல்லாம் சேர்த்து 19 என்று பதில் வந்தது. நான் 19 பைட்டை வெட்டினேன். 'பெரும்போகம்' போய் 'ப' என்ற ஓரெழுத்தும் உடைந்த குறி ஒன்றும் மிஞ்சின. அந்த எண் பைட் கணக்கல்ல, குறியீடுகளின் கணக்கு. இரண்டால் பெருக்கி 38 பைட்டை எடுத்து டிகோட் செய்ததும் முழுப் பாதையும் வந்தது.

பெர்லின் வழக்கமான ஓபனுக்கு அந்தத் தமிழ்ப் பாதை பிடிபடவில்லை, யூனிகோட் பாதைகளைக் கையாளும் வின்32::லாங்பாத் தொகுதி திறந்தது. அன்று பின்னேரம் முதல் பற்றுச்சீட்டு அச்சாகி வர, அண்ணை கொப்பியை மூடி லாச்சிக்குள் வைத்தார்.