ஊர்ச் சுவரில் ஓவியம்: பெயின்டுக்கு முன்னால் உப்பைப் பாருங்கள்

அமெரிக்காவின் சான் டியேகோவில், நெடுஞ்சாலைக்கும் பாலத்துக்கும் வீடுகளைப் பறிகொடுத்த மெக்சிகோ வழி மக்கள், 1970 ஏப்ரல் 22 அன்று பாலத்தடி நிலத்தில் இறங்கி அதைப் பூங்காவாக்கினார்கள். 1973 முதல் பாலத்தின் கான்கிரீட் தூண்களில் தங்கள் கதையைத் தீட்டினார்கள். அதுதான் சிகானோ பார்க். அதுபோல ஒன்றைக் குமரிக் கடலோரத்தில், குளச்சலிலோ முட்டத்திலோ வரைய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, 'எந்த பெயின்ட்?' கேட்க வேண்டியதோ 'எந்தச் சுவர்?'

சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். அது பெயின்டுக்கு அடியில் படிந்து, கொப்புளமாகத் தள்ளும்; பெயின்ட் பொரிந்து உதிரும். இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் சுவர் காயவில்லை என்று அர்த்தம். புதுப்பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுக்க வேண்டும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை வேலை பார்ப்பதே நல்லது. 30 அடிக்கு 10 அடிச் சுவருக்குக் சிமென்டின் காரத்தன்மையைத் தாங்கும் எக்ஸ்டீரியர் பிரைமர் 3 லிட்டர், அடிப்பூச்சுக்கு எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 5 முதல் 6 லிட்டர் ஆகும். சொரசொரப்பான சுவர் இன்னும் குடிக்கும். கலக்க உப்புத்தண்ணீர் ஆகாது.

காகிதப் படத்தைச் சுவருக்குப் பெரிதாக்க, படத்தில் ஒரு இஞ்ச் கட்டம், சுவரில் ஒரு அடிக் கட்டம். காவிப்பொடி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்து அடித்தால் கோடு விழும். மேற்கு வெயில் படும் சுவரில் பளீர் ரோஸ் சீக்கிரம் வெளிறும். காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆக்சைடுகள் நிற்கும்.

வரைகிறவர் சறுக்குவது பெரும்பாலும் சாமான்களில்தான். பனையேறி என்றால் காலில் தளைநார் (ஏறும்போது பாதங்களில் மாட்டும் நார் வளையம்), இடுப்பில் அருவாப்பெட்டி, மரத்தில் சாய்த்த முருக்குத்தடி (ஏற உதவும் தடி) எல்லாம் வேண்டும். தளைநாரைக் கையில் கொடுத்துவிட்டால் ஊர் சிரிக்கும். பென்சில் கோட்டோடு நிறுத்தி, தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

சுவரின் தலையில் சிமென்ட் சரிவு இல்லாவிட்டால் மழைநீர் முகத்தில் வழிந்து கறை விழும். அடியில் ஒரு அடிக்குக் கரும்பட்டை விடுங்கள், சேறு தெறித்தாலும் தெரியாது. பின்னால் தொட்டுச் சரிசெய்ய ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டரை மூடிவைத்து, கலவை அளவை டப்பா மேலேயே எழுதுங்கள். எப்படியும் பையன்கள் அந்தச் சுவரில்தான் பந்தடிப்பார்கள்.