பாதியில் மாறிய ஸ்பிரிண்ட் பேக்லாக்

கடவுச்சொல்லை மறந்த வாடிக்கையாளர் உதவி மையத்தை அழைக்காமல் தாமே அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்க்ரம் முறையில் வேலை செய்யும் எங்கள் மென்பொருள் குழு, இரண்டு வார ஸ்பிரிண்டுக்கு, அதாவது ஓர் இலக்கோடு ஓடும் குறுகிய வேலைச் சுற்றுக்கு, வைத்த இலக்கு இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்கே திட்டமிடல் கூட்டத்தில் கணிசமான நேரம் போனது. பிறகு வந்த சிக்கல்களைப் பார்க்கும்போது, அது வீண் செலவே அல்ல.

பிராடக்ட் பேக்லாக் என்பது தயாரிப்புக்குச் செய்ய வேண்டிய வேலைகளின் முன்னுரிமைப் பட்டியல். அதன் மேலிருந்த பணிகளில் எவை இலக்குக்கு உதவும் என்று, அந்த வரிசைக்குப் பொறுப்பான பிராடக்ட் ஓனருடன் பேசினோம். எத்தனை எடுப்பது என்பதை டெவலப்பர்களாகிய நாங்களே முடிவு செய்தோம். இலக்கு, எடுத்த பணிகள், அவற்றை முடிக்கும் திட்டம் மூன்றும் சேர்ந்ததுதான் ஸ்பிரிண்ட் பேக்லாக். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு நாளுக்குள் முடியும் அளவுக்கு உடைத்தோம். 'இணைப்புடன் மின்னஞ்சல் அனுப்புதல்' என்ற பணி, டோக்கன் (இணைப்பில் சேரும் ரகசியக் குறியீடு) உருவாக்குவது, காலாவதி நேரத்தைச் சேமிப்பது, மின்னஞ்சல் வார்ப்புரு, பயன்படுத்திய இணைப்பு மறுபடி திறக்காததைச் சோதிப்பது என்று வேலைப் பலகையில் நான்கு அட்டைகளானது. முதல் சில நாட்களுக்கான வேலையைத்தான் இப்படி நுணுக்கமாகப் பிரித்தோம். மற்றவை பருமட்டாகவே பலகையில் கிடந்தன. எல்லாவற்றையும் முதல் நாளே பிரித்து முடிப்பவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

முதல் வாரக் கடைசியில், தினமும் வேலை நிலவரம் பேசும் 15 நிமிட டெய்லி ஸ்க்ரமில், சோதனையைக் கவனித்த சக ஊழியர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். விளம்பர மின்னஞ்சல்கள் மொத்தமாகப் போகும் நேரத்தில் எங்கள் மின்னஞ்சலும் அதே வரிசையில் காத்துக் கிடக்கிறது; பயனருக்கு வந்து சேர்வதற்குள் இணைப்பு காலாவதியாகிவிடுகிறது. அன்றே தனி வரிசை அமைக்கவும், காலாவதிக் கணக்கை மாற்றவும் புதிய அட்டைகள் ஏறின. மீதி வேலையைக் காட்டும் பர்ன்டவுன் கோடு, இறங்குவதற்குப் பதில் மேலே போனது. மேலாளர் முகம் சுளித்தார். திட்டத்தில் இல்லாத வேலை எப்படி வந்தது என்பது அவர் கேள்வி. ஸ்க்ரம் முறையை வரையறுக்கும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2011 பதிப்பிலேயே, தேர்ந்தெடுத்த பணிகள் வாக்குறுதி அல்ல, முன்கணிப்பு என்று மாற்றிவிட்டார்கள். 2020 பதிப்பின்படி ஸ்பிரிண்ட் பேக்லாக்கில் குழு தரும் உறுதி இலக்குக்குத்தான். இதை அவருக்கு விளக்கப் பொறுமை தேவைப்பட்டது.

பிராடக்ட் ஓனரிடம் நிலவரத்தைச் சொன்னோம். குறுஞ்செய்தி வழியாகவும் கடவுச்சொல்லை மாற்றும் வசதியை எடுத்துவிடலாம், மின்னஞ்சல் ஒழுங்காக வேலை செய்தாலே இலக்கு நிறைவேறும் என்றார். அந்தப் பணி பிராடக்ட் பேக்லாக்குக்குத் திரும்பியது.

இதற்கிடையே விற்பனைப் பிரிவிலிருந்து, 'சின்ன அறிக்கைதானே' என்று ஒருவர் நேராக ஒரு டெவலப்பரின் மேசைக்கே வந்துவிட்டார். சின்னது என்று சொல்லிக்கொண்டு வருவது எதுவும் சின்னதாக இருந்ததில்லை. குழு ஸ்க்ரம் முறைப்படி நடக்க உதவும் ஸ்க்ரம் மாஸ்டர் அவரைப் பிராடக்ட் ஓனரிடம் அனுப்பிவைத்தார்.

ஸ்பிரிண்ட் மதிப்பாய்வில் கடவுச்சொல் மாற்றம் முழுமையாக ஓடியது. அதன் வரலாற்றை நிர்வாகிகள் பார்க்கும் பக்கம் மட்டும் அரைகுறையாக நின்றது. அது தானாக அடுத்த ஸ்பிரிண்டுக்குள் போகவில்லை. பிராடக்ட் பேக்லாக்குக்குத்தான் போனது. அங்கே விற்பனைப் பிரிவின் அறிக்கைக்கும் கீழே பிராடக்ட் ஓனர் அதற்கு இடம் கொடுத்தார்.