கியர் ஒயிலில் தண்ணீர்: கசிவு புரொப்பெல்லர் பக்கம் இல்லை

குருநகர்க் கரையில் நிற்கும் எங்கள் படகின் 15 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சினிலிருந்து இம்முறை வடித்த கியர் ஒயில், சற்றே கறுத்திருந்தாலும், போத்தலை வெயிலில் பிடித்தபோது மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. புரொப்பெல்லர் தண்டின் சீல்களை (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களை) மாற்றிய பின்னரும் தண்ணீர் கலந்து பால்தேநீர் நிறத்திலேயே ஒயில் வடிந்துகொண்டிருந்த எஞ்சின் இது என்பதால், எனக்கு இது பெரிய வெற்றி.

கடனீரேரியில் ஓடும் எஞ்சினில் எவரும் முதலில் புரொப்பெல்லர் தண்டையே சந்தேகிப்பர். தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) 2006 இலேயே தடைசெய்யப்பட்டுவிட்டாலும் அதன் துண்டுகள் இன்னும் மிதக்கின்றன. அவை தண்டில் சுற்றி, சூட்டில் இறுகி, சீலின் உதட்டை அறுத்துவிடும். ஆனால் என் தண்டில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தபோது பள்ளம் எதுவும் தட்டுப்படவில்லை, சீலும் புதியது. ஆயினும் எஞ்சினை இரவு முழுவதும் நிமிர்த்தி வைத்து, காலையில் அசைக்காமல் ஒயில் வடிக்கும் கீழ்த் திருகைக் கால் சுற்றுத் தளர்த்தியவுடன், ஒயிலுக்கு முன்னதாகத் தண்ணீர்தான் சொட்டியது.

எனவே அழுத்தச் சோதனையில் இறங்கினேன். ஒயில் மட்டம் பார்க்கும் மேல் துளைக்குரிய பழைய திருகொன்றைக் கடைசல் பட்டறையில் துளையிட்டு, அதில் குழாய் முனை பற்றவைத்து, மானி பொருத்திய கைப்பம்பை இணைத்துக்கொண்டேன். ஒயிலை முற்றாக வடித்து, கீழ்த் திருகைப் பூட்டி, கியர்ப் பெட்டியை எஞ்சினின் காலிலிருந்து கழற்றிய பின், காற்றை 100 கிலோபாஸ்கல் வரை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் இடம்பெயரக்கூடும். மானி முள் அசையாமல் நின்றது. பலர் இத்துடன் சோதனையை முடித்துவிடுவதுதான் தவறு என்பது என் உறுதியான கருத்து. அழுத்தம் உள்ளே இருக்கும்போதே புரொப்பெல்லர் தண்டையும் செங்குத்துத் தண்டையும் சுற்ற வேண்டும். கியர் மாற்றும் கம்பியையும் முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கம்பியை ரிவர்ஸுக்குத் தள்ளிய கணத்தில் முள் இறங்கத் தொடங்கியது. கம்பியின் அடியில் பூசியிருந்த சவர்க்கார நீரில் சிறு குமிழிகள் வரிசையாக எழுந்தன. நியூட்ரலில் அடைத்துக்கொண்டும் கியர் விழுந்ததும் திறந்துகொண்டும் இருந்த, கம்பியைச் சுற்றியுள்ள அந்தச் சிறிய சீலின் உதடு கல்லாய் இறுகியிருந்தது. அது உரசும் இடத்தில் கம்பியிலும் துருப் புள்ளிகள் இருந்தன. துருவை 1000 ஆம் இலக்க மணற்தாளால் நீக்கிய பின்னரே புதிய சீலைப் பூட்டினேன்; நீக்காவிட்டால் அதுவும் விரைவில் தேயும்.

மீள நிரப்பும்போது 90 ஆம் இலக்க ஹைப்பொயிட் கியர் ஒயிலைக் கீழ்த் துளை வழியாகவே மெதுவாக ஏற்றினேன். மேல் துளையில் குமிழியின்றி ஒயில் வழிந்ததும் முதலில் மேல் திருகையும், பின்னர் கீழ்த் திருகையும் பூட்டினேன். திருகு வாஷர்களை ஒவ்வொரு தடவையும் புதிதாகவே போடுங்கள். யாழ் நகரக் கடைகளில் அவை தனியாகக் கிடைப்பது அரிது என்பதால், கிடைக்கும்போது ஒரு பொதியாக வாங்கி வைப்பது நல்லது.

எனினும் வேலை முழுமையடையவில்லை. ஓட்டத்தில் சூடாகும் கியர்ப் பெட்டி, எஞ்சினை நிறுத்திய பின் நீருக்குள் குளிரும்போது உள்ளே உறிஞ்சல் உண்டாகிறது. தண்ணீர் பெரும்பாலும் அப்போதுதான் நுழைகிறது. வெளிநோக்கிய அழுத்தத்தைத் தாங்கும் சீல் அந்த உறிஞ்சலையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே வெற்றிட மானி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சோதனை முடியும் வரை வழமையான 100 மணித்தியாலத்துக்குப் பதிலாக 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயிலை வடித்துப் பார்ப்பதாக இருக்கிறேன்.