அடைத்தது மை, எரிந்தது போர்ட்

கச்சான் அடிக்கத் தொடங்கினால் என் மேசைக்குப் பிரிண்டர்கள் வரத் தொடங்கிவிடும். அந்த வறண்ட சூட்டுக் காற்றில் கொஞ்ச நாள் ஓடாமல் கிடந்தாலே, தாளில் மையைத் தெளிக்கும் ஹெட்டின் நுண்துளைகளில் மை காய்ந்துவிடுகிறது. திருகோணமலையில் பாடசாலை விடுமுறையும் அதோடு சேர்ந்துவிட்டால் வீட்டுப் பிரிண்டரை யார் தொடப்போகிறார்கள்? ஆனால் மை காய்ந்தே செத்த பிரிண்டரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். காய்ந்த மையை எடுக்கப்போய்ச் சாகடித்தவைதான் அதிகம்.

இப்போது மேசையில் இருப்பதும் அந்த ரகம்தான். மத்திய வீதிப் பக்கம் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் சின்னம்மாவின் மகன் கொண்டுவந்த, போத்தல் மையைத் தொட்டியில் ஊற்றி ஓட்டும் டாங்க் பிரிண்டர். "தம்பி, கறுப்பில ரெண்டு கோடு விட்டுது. வீடியோ பார்த்துக் கழுவினன். இப்ப ஒண்டுமே அடிக்குதில்லை" என்றார். எதனால் கழுவினீர்கள் அண்ணா என்று கேட்டேன். கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணியாம். சிரிஞ்சில் எடுத்து, ஹெட்டின் மேலேயே பீச்சியிருக்கிறார்.

"ஒண்டுமே அடிக்குதில்லை" என்ற சொல்லிலேயே பாதி விடை இருந்தது. அடைப்பு என்றால் ஒரு நிறத்தில் சில கோடுகள் விடும், பிறகு மெல்லக் கூடும். நாலு நிறமும் ஒரேயடியாகப் போய் வெள்ளைத் தாள் வந்தால் நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்கள்: மையை உறிஞ்சி இழுக்கும் பம்ப், அல்லது கரண்ட்.

பம்பைப் பார்ப்பது சுலபம். ஹெட் ஓய்வெடுக்கும் இடத்தில் ரப்பர் விளிம்பு வைத்த சின்னத் தொட்டி ஒன்று இருக்கிறது. ஹெட்டை ஒதுக்கிவிட்டு அதில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கிளீனிங் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சப்பட்டால் பம்ப் நல்லம். இதில் உறிஞ்சியது. அப்படியானால் மற்றது.

பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் பொறுத்து (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், அதாவது போர்டில், தேங்கிய கரண்ட் இறங்க வேண்டும்), ஹெட்டுக்குப் போகும் வெள்ளை நாடா வயரை இழுத்தேன். முனையில் வரிசையாக இருக்கும் செப்புக் கோடுகளில் ஓரத்தில் இரண்டு கருகியிருந்தன. நடுவில் நீலக் கறை. பீச்சிய தண்ணீர் ஹெட்டின் மேற்பக்கத்தால் வழிந்து வயர் செருகும் வாயில் நின்றிருக்கிறது. அது காயுமுன் சுவிட்சைப் போட்டிருக்கிறார். கதை அவ்வளவுதான். மெயின் போர்டில் ஹெட் இணைப்புக்குப் பக்கத்தில் எள்ளுப் போல ஒரு பியூஸ் உண்டு. மீட்டரை வைத்தேன், சத்தமில்லை. போய்விட்டது.

இந்த இடத்தில்தான் காசு கரையும். பியூஸை மாற்றினால் சரி என்று தோன்றும். சிலர் பியூஸ் கிடைக்காமல் மெல்லிய கம்பியால் ஒட்டிவிடுவார்கள். ஹெட்டுக்குள் ஷோர்ட் (கரண்ட் குறுக்கே பாய்வது) இருந்தால் அந்தக் கம்பி காப்பாற்றாது, போர்டே எரியும். சரி, போர்டை மாற்றுவோம் என்று புதுப் போர்டில் பழைய ஹெட்டைச் செருகினால் புதுப் போர்டும் போகலாம். மறுவளமாகப் பழுதான போர்டில் புது ஹெட்டைப் போட்டால் ஹெட் போகலாம். இரண்டில் எது நல்லதென்று தெரியாமல் ஒன்றையும் வாங்கக் கூடாது. ஹெட்டின் விலையைக் கேட்டால் அண்ணா பிரிண்டரையே மறந்துவிடுவார்.

அதனால் ஹெட்டைக் கழற்றி, வயர் வாயை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். பிறகு மீட்டரில் மின் ஊசிகளுக்கும் தரைக்கும் இடையே ஷோர்ட் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதிர்ஷ்டக்காரர். கழித்துப்போட்ட போர்ட் ஒன்றிலிருந்து அதே அளவு பியூஸைக் கழற்றி ஒட்டி, புது நாடா வயர் போட்டேன். இந்த வயரைச் சரிவாகச் செருகினாலும் பக்கத்துக் கோடுகள் தொட்டுக்கொள்ளும். வெளிச்சம் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

தாள் வந்தது, நிறமும் வந்தது. கறுப்பில் பழைய இரண்டு கோடும் அப்படியே விட்டிருந்தன.

அந்த இரண்டு கோட்டுக்கு உண்மையில் என்ன செய்திருக்க வேண்டும்? எப்சன் வகையில் ஹெட் பிரிண்டரோடு நிலையாக இருக்கும்; மின்னழுத்தத்தில் நெளியும் பீசோப் படிகம்தான் மையைத் தள்ளுகிறது. சிரிஞ்சால் அழுத்திப் பீச்சினால் உள்ளே மெல்லிய படலம் கிழியலாம். கீழிருந்து ஊறவைப்பதே பாதுகாப்பு. அந்த ரப்பர் தொட்டியில் துப்புரவுத் திரவத்தை விட்டு, ஹெட்டை அதன் மேல் நிறுத்தி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். எச்பி, கெனன் இரண்டின் பல மொடல்களிலும் ஹெட் கார்ட்ரிஜிலேயே இருக்கும். மையைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளும் வகை அவை. அவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த டிஷ்யூவில் வைத்து ஒற்றலாம், கெட்டுப்போனாலும் கார்ட்ரிஜோடு போகும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியத்தை மற்றதுக்குச் செய்வதுதான் வீடியோ பார்ப்பவர்களின் வினை. தண்ணீர் என்றால் காய்ச்சி வடித்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். கன்னியா வெந்நீரூற்றில் அள்ளி வரவா என்று ஒரு கூட்டாளி பகிடிக்குக் கேட்டான்; அதிலும் கனிமம் கரைந்திருக்கிறது, வேண்டாம்.

கிளீனிங் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமுக்குவதும் செலவுதான். உறிஞ்சிய மை எங்கும் மாயமாகப் போவதில்லை, அடியில் இருக்கும் பஞ்சில் சேர்கிறது. பிரிண்டர் அதைக் கணக்கு வைத்து, நிரம்பியது என்று நின்றுவிடும். கணக்கை மட்டும் மென்பொருளால் பூச்சியமாக்கிவிட்டுப் பஞ்சை மாற்றாமல் விட்டால் ஒருநாள் மேசையில் மை ஓடும். இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளோடு வைரஸும் சேர்ந்து வரலாம்.

போன மாதம் உவர்மலையிலிருந்து வந்தது வேறு கதை. ஹெட் ஓடும் பாதையில் கண்ணாடி போன்ற பட்டி ஒன்று இருக்கும், அதில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள். அதைப் பார்த்துத்தான் ஹெட் தன் இடத்தை அறிகிறது. அழுக்கென்று நினைத்து யாரோ தின்னரால் துடைத்து, கோடுகளையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். போட்டவுடன் ஹெட் ஓரச் சுவரில் போய் மோதியது. ஈரத் துணியால் ஒற்றியிருந்தால் போதும். இப்போது அதே அளவுப் பட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணாவின் பிரிண்டரை இரண்டு இரவு ஊறவைத்ததில் கறுப்பில் ஒரு கோடு திரும்பிவிட்டது. மற்றது இன்னும் விடுகிறது. வினாத்தாள் எழுத்தில் அது தெரியாது, படத்தில்தான் தெரியும். "அதையும் ஒருக்காப் பீச்சிப் பாப்பமோ?" என்று கேட்டார். சிரிஞ்சை வாங்கி என் லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.