மாஸ்டர் விட்டுவைத்த கேள்வி

உயர்தர வகுப்பில் எங்களுக்குப் பௌதிகவியல் படிப்பித்த மாஸ்டரிடம் எந்த விடையைச் சொன்னாலும் "சரி, அதுக்குப் பிறகு?" என்பார். ஒருநாள் பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியொன்றைக் கரும்பலகையில் எழுதினார்: கதிர்வீச்சு திரவ ஐதரசனை என்ன செய்யும்?

அணுத்துணிக்கைகள் போன தடத்தைக் காட்டும் குமிழி அறை பற்றி எங்களுக்கு ஓரளவு தெரியும். 1952இல் டொனால்ட் கிளேசர் கண்டுபிடித்தார். லூயிஸ் அல்வாரெஸ் திரவ ஐதரசனை நிரப்பி அதை 72 அங்குலம் வரை பெருப்பித்தார். அமுக்கத்தைத் திடீரெனக் குறைத்தால், மின்னேற்றத் துணிக்கை போன வழியெல்லாம் குமிழி எழும். இதைச் சொன்னதும் "அதுக்குப் பிறகு?" மூலக்கூறு உடையும் என்றான் ஒருவன். அணுக்கள் திரும்பச் சேர்ந்தால் வருவதும் ஐதரசன்தானே என்று சிரித்தார். திண்ம மீதேன் அப்படியில்லை, உடைந்த துண்டுகள் சேராமல் அதற்குள்ளேயே உறைந்து கிடக்கும். கோபத்தை உள்ளே சேர்த்து வைக்கும் ஆளைப்போல, கதிர் பட்ட மீதேன் ஒருநாள் திடீரென வெப்பத்தைக் கக்கும். மணி அடித்தது, பாதி விடையோடு வகுப்பும் கலைந்தது.

மீதி விடை கிடைத்தது கோலாலம்பூரில். மகளோடு இருக்க வந்த மாஸ்டரைப் பிரிக்பீல்ட்சில் பார்க்கப் போனேன். அப்போது நான் இங்கே ஆறாம் படிவத்துக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தே தாரிக் ஆறிப்போகும் வரை பேசினார்.

ஐதரசன் மூலக்கூறின் இரு புரோத்தன்களும் ஒரே திசையில் சுழன்றால் ஓர்த்தோ, எதிரெதிராகச் சுழன்றால் பாரா. அறை வெப்பநிலையில் முக்கால் பங்கு ஓர்த்தோ. மறை 253 பாகை செல்சியசில் விட்டுவைத்தால், மெல்ல மெல்ல அநேகமாக முழுவதும் பாராவாகும். அந்த மாற்றத்தில் வரும் வெப்பம், திரவத்தை ஆவியாக்கத் தேவையானதையும் விஞ்சும். அதனால் திரவமாக்கும்போதே ஊக்கி வைத்துப் பாராவாக்கிவிடுவார்கள். ஆனால் அணு உலைக்குப் பக்கத்தில், நியூத்திரன்களைக் குளிரவைத்து வேகம் குறைத்துத் தரும் குளிர் நியூத்திரன் மூலத்தில் அதை வைத்தால், கதிர் பிறப்பிக்கும் தனி அணுக்களும் அயன்களும் பாராவில் ஒரு பகுதியை மறுபடி ஓர்த்தோவாக்கும். மெதுவான நியூத்திரன்களைப் பாரா பெரும்பாலும் தடுக்காமல் விடும். ஓர்த்தோ பல மடங்கு சிதறடிக்கும். ஆகவே திரவம் கெட்டுப்போகாமலே, வெளிவரும் நியூத்திரன் கற்றை மாறிவிடும்.

"உடைஞ்சதை மட்டும் பாக்காதே தம்பி, சேர்ந்தது எப்பிடிச் சேர்ந்தது எண்டும் பார்" என்றார். நான் அதைப் பாங்கி என்ற ஊரில் 1982 முதல் இயங்கும் ட்ரைகா புஸ்பாத்தி ஆராய்ச்சி அணு உலையைப் பார்க்கப் போன என் மாணவர்களுக்கும் சொன்னேன். அவர்களுக்கு நீருக்குள் தெரியும் நீல ஒளிதான் பிடித்திருந்தது.

மாஸ்டர் றோணியோ அடித்துத் தந்த குறிப்புகள் யாரிடமாவது இருந்தால் எங்கள் பழைய மாணவர் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொடுத்துதவுங்கள். என்னுடையவை இடப்பெயர்வில் போய்விட்டன.